உண்மை அளவில் ஒரு கிண்ணம்

“சீக்கிரம் முடிங்க, கிண்ணம் வேணும்” என்றாள் என் மனைவி.

நான் காலைக் கஞ்சியில் பாதிகூடத் தாண்டவில்லை. அடுக்கில் வேறு கிண்ணங்கள் இருந்தன. ஆனால் அவளுக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த எவர்சில்வர் கிண்ணம்தான் வேண்டும். தோளில் பை, ஒரு காலில் செருப்பு, மறு கால் வெறுங்காலாக என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

“சாப்பிடுறவன் கையிலேருந்து பிடுங்கிட்டுப் போயி ஊருக்கெல்லாம் ஊட்டச்சத்து சொல்லப் போற. நல்லா இருக்கு.”

“ரெண்டு வயசு வரைக்கும்தான் எங்க கணக்கு. நீங்க அதைத் தாண்டிட்டீங்க. தட்டுல போட்டுச் சாப்பிடுங்க.”

மிச்சத்தைத் தட்டில் கவிழ்த்தேன். கெட்டிக் கஞ்சி. கிண்ணத்தின் வடிவத்திலேயே குந்தியது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, “பாருங்க, இப்படி நிக்கணும். கரண்டியைச் சாய்ச்சா ஒழுகக் கூடாது” என்று, ஏதோ நான்தான் அடுத்த பிள்ளைக்கு ஊட்டப் போகிறவன்போல் சொன்னாள். கிண்ணத்தைக் கழுவி, துண்டால் துடைத்து, பைக்குள் போட்டாள்.

“இன்னிக்குக் கடைசித் தடவை படம் காட்டப் போறேன். இது முடிஞ்சா அச்சுக்குப் போயிடும். அப்புறம் உங்க கிண்ணம் உங்களுக்கே.”

“நீ படம் காட்டாத நாள் ஏது?”

அவள் மறு செருப்பை நாற்காலிக்கு அடியிலிருந்து காலாலேயே இழுத்து மாட்டிக்கொண்டாள். வெளியே வண்டி ஹார்ன் அடித்தது. நான் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கடை திறக்கப் போனேன்.

அன்று திரும்பி வரும் வழியில், வண்டியின் பின் இருக்கையில், அவள் இறந்துபோனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார் மருத்துவர். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று, நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். அந்தக் கேள்வி அவருக்குப் பழகிப்போயிருக்க வேண்டும்.

வண்டி ஓட்டியவர் வெகுநேரம் என் எதிரில் நின்றுகொண்டே இருந்தார். “அக்கா தூங்குறாங்கன்னு நெனச்சேன் சார். அசதியா இருந்தாங்க. பாட்டை நிறுத்திட்டேன். குலுங்கினா முழிச்சிடுவாங்கன்னு குண்டு குழி பார்த்து மெதுவா ஓட்டிக்கிட்டு வந்தேன்” என்றார். அப்படி ஒருவர் அவளை அன்று பத்திரமாகக் கொண்டுவந்தார் என்பதை நான் இன்றும் நினைத்துக்கொள்வதுண்டு. அவர் கொடுத்த பையில் கைபேசி சார்ஜர், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி, எங்கள் கிண்ணம் எல்லாம் இருந்தன.

அவள் பார்த்த வேலையை யாருக்கும் நான் ஒழுங்காக விளக்கியதில்லை. எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பலகையைப் பார்த்தாலே புரியும். அவளுக்குப் பலகை இல்லை. குழந்தைகள் நலம், ஊட்டச்சத்து, அது சம்பந்தமான பிரசாரம், ஆலோசகர் என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரி இருமுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

“நான் டாக்டர் இல்லைங்க. டாக்டருங்க சொல்றதை மத்தவங்களுக்குப் புரியற மாதிரி எழுதுறவ.”

“அந்த டாக்டரே புரியற மாதிரி சொல்லக் கூடாதா?”

“சொன்னா என் பொழப்புல மண்ணு.”

ஆறு மாத ஒப்பந்தம். முடிந்தால் இன்னொன்று வரும் வரை வீட்டில் காத்திருப்பு. அமைச்சர் மாடிப்படி ஏறுவதற்குள் படித்து முடிக்கிற மாதிரி ஒரு பக்கக் குறிப்பு எழுதுவாள். கூட்டத்தில் பெரியவர்கள் கண்கலங்கிப் பேசுகிற பேச்சை முந்தின நாள் எங்கள் சாப்பாட்டு மேசையில் கண்கலங்காமல் எழுதுவாள். வானொலிக்கு விளம்பரம், பத்திரிகைக்குச் செய்தி, பணியாளர்களுக்குப் பாடம். எதிலும் அவள் பெயர் இருக்காது. நிறுவனத்தின் பெயர் இருக்கும், கீழே வரிசையாகச் சின்னங்கள் இருக்கும். பெயர் போடாததுதான் அந்தத் தொழிலின் வழக்கம்.

“நீ கறிவேப்பிலைம்மா. வாசனைக்குப் போடுவாங்க, அப்புறம் ஓரமா எடுத்து வச்சிடுவாங்க” என்பாள் எங்கள் மகள்.

“கறிவேப்பிலையில என்னென்ன சத்து இருக்குன்னு தெரியுமாடி உனக்கு?”

கடைசி இரண்டு ஆண்டுகளாக அவள் சோர்ந்திருந்தாள். ஒரே வாசகத்தை எத்தனை விதமாகத்தான் எழுதுவது என்பாள். எழுதினதை எட்டு பேர் திருத்துவார்கள். எட்டாவது ஆள் திருத்தி முடிக்கும்போது அது முதல் ஆள் வேண்டாம் என்ற வாக்கியமாகவே இருக்கும். அந்தச் சோர்விலும் ஒன்றை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை: அட்டை.

வீடு வீடாகப் போகும் பணியாளர்கள் தாய்மார்களிடம் காட்டிப் பேசுகிற அட்டை அது. ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தின் அளவு. அவர்களுடைய பைக்குள் மடங்காமல் போக வேண்டும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு எதை, எவ்வளவு, எப்படி ஊட்டுவது என்பதுதான் விஷயம். ‘எதை’ என்பதை எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள், ‘எவ்வளவு’ என்பதில்தான் பிள்ளைகள் இளைக்கிறார்கள் என்பாள். அரைக் கிண்ணம் என்று சொன்னால் எந்தக் கிண்ணம்? ஒரு வீட்டில் ஊறுகாய்க் கிண்ணம், ஒரு வீட்டில் குளிக்கிற செம்பு மாதிரி ஒன்று.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, அட்டையில் கிண்ணத்தின் வாயை உண்மை அளவில் வரைந்துவிடுவது. தாய் தன் வீட்டுக் கிண்ணத்தைப் படத்தின்மேல் வைத்துப் பார்ப்பாள். பொருந்தினால் அதுதான் பிள்ளையின் கிண்ணம். எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டு, எங்கும் இருக்கிற அளவு எங்கள் வீட்டுக் கிண்ணம்தான் என்று முடிவு செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் தாளை விரித்து, அதைக் கவிழ்த்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தாள்.

“வாய் சரி, ஆழம்?” என்று கேட்டேன்.

“ஆழத்தைத் தாள்ல எப்படி வரையறதுன்னு சொல்லுங்க மேதை, வரையறேன்.”

அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு நெளிசல் உண்டு. மகள் தவழ்ந்த காலத்தில் சாப்பாடு பிடிக்காமல் வீசி எறிந்தது. பென்சில் கோடும் அந்த இடத்தில் கொஞ்சம் உள்ளே போய் வந்தது. அட்டைக்குப் படம் வரைந்த பையனை, ஒல்லியாக இருப்பதால் ‘பென்சில்’ என்றுதான் அவள் கூப்பிடுவாள். அவன் கணினியில் அந்தக் கோட்டைச் சுத்தமான வட்டமாக்கிக் கொண்டுவந்தான்.

“எதுக்குடா திருத்துன?”

“அழகா இருக்கட்டும்னு அக்கா.”

“இது கிண்ணம் இல்ல, பூஜ்யம். பிள்ளைக்குப் பூஜ்யம் ஊட்டுங்கன்னு சொல்லச் சொல்றியா? பழையபடி போடு.”

நெளிசல் திரும்பி வந்தது. படத்தின் கீழே, ‘உண்மை அளவு. உங்கள் கிண்ணத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள்’ என்று எழுதினாள். அளவு மாறக் கூடாது என்பதற்கு அவள் எல்லாக் கூட்டத்திலும் என்னைத்தான் உதாரணம் காட்டினாளாம். ஒரு தடவை என் கடைக்கு வந்த, கண் சோதிக்கிற எழுத்துப் பலகை அச்சில் சிறுத்துப் போயிருந்தது. அதை மாட்டிய அன்று கடைசி வரி எனக்கே தெரியவில்லை. கண் போய்விட்டது என்று பயந்து, நான் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு வீட்டுக் கடனைப் பற்றியெல்லாம் பேசியிருக்கிறேன். “பலகை சின்னதாச்சு, எங்க வீட்டுக்காரர் குருடராயிட்டார்” என்று சொன்னால் கூட்டம் சிரிக்குமாம். சிரித்தவர்கள் மறக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

அவள் போய் ஒரு மாதம் இருக்கும். பென்சில் அச்சுக்கு முந்தின மாதிரி அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மகள் அப்போது என்னோடு இருந்தாள்; வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, என்னைச் சாப்பிட வைப்பதற்கென்றே தங்கியிருந்தாள். அவன் உறையைப் பிரித்து அட்டையை மேசையில் வைத்தான்.

அடிப்பகுதியில் மெல்லிய சாம்பல் பட்டை. அதில் அவள் அடையாள அட்டையில் இருந்த புகைப்படம். பக்கத்தில் அவள் முழுப் பெயர். ‘இந்த அட்டையை உருவாக்கியவர். குழந்தைகளின் நலனுக்காக உழைத்து மறைந்த இவரின் நினைவாக.’

“எல்லாருமா சேர்ந்து முடிவு பண்ணது சார். இதுவரைக்கும் யாருக்கும் செஞ்சதில்ல. குடும்பம் சம்மதம் சொன்னா அச்சுக்குப் போயிடும்” என்றான்.

மகள் அந்தப் பெயரை விரலால் தடவினாள். “இருபத்து நாலு வருஷம்ப்பா. முதல் தடவையா பேரு போட்டிருக்காங்க” என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. எனக்கும் கண் நிறைந்தது. இத்தனை வீடுகளுக்குள் அவள் முகம் போகும் என்று நினைத்தபோது, அந்த மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கிண்ணத்தின் வட்டம் நெளிசலோடு அப்படியே இருந்தது. அவள் செய்வதை நானும் செய்யலாம் என்றுதான் தோன்றியது, வேறு எண்ணம் இல்லை. எழுந்து சமையலறைக்குப் போனேன்.

“சார், கிண்ணத்தை எடுக்கப் போறீங்களா?” என்றான் பென்சில் பின்னாலிருந்து. “வேணாம் சார்.”

எடுத்து வந்து கவிழ்த்து வைத்தேன். வட்டம் தெரியவில்லை. கிண்ணம் அதை முழுவதுமாக மூடிக்கொண்டு, சுற்றிலும் ஒரு விரல்கனம் வெளியே நின்றது.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “பட்டைக்கு இடம் வேணும்னு சொன்னாங்க. எல்லாத்தையும் ஒரே சீரா கொஞ்சம் கொஞ்சம் சின்னதாக்கினேன். நான் சொன்னேன் சார், அக்கா இருந்தா விட மாட்டாங்கன்னு. அக்காவுக்காகத்தானே செய்யறோம்னாங்க.”

“ஒரு விரக்கடைதானே. அதனால என்னப்பா ஆகும்?” என்றாள் மகள்.

என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். கிண்ணம் பெரிதாக இருக்கிறது என்று தாய் அதைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு, வட்டத்துக்குள் அடங்குகிற சின்னதைத் தேடி எடுப்பாள். ஒவ்வொரு வேளையும் பிள்ளைக்குச் சில வாய் குறையும். அட்டை சொன்னதைத்தான் செய்கிறோம் என்று அந்தத் தாய் நிம்மதியாக வேறு இருப்பாள்.

மறுநாள் மூவரும் அலுவலகத்துக்குப் போனோம். கூட்ட அறைச் சுவரில் பழைய சுவரொட்டிகள். எல்லாவற்றிலும் சிரிக்கிற குழந்தைகள். மேசையின் ஓரத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன தேநீர்க் கோப்பைகள். ஒருங்கிணைப்பாளர் அம்மா வந்தார். அவர்தான் என் மனைவிக்கு வேலை கொடுப்பவர், திட்டுபவர், திட்டிவிட்டு உடனே தொலைபேசியில் சமாதானம் சொல்பவர். முகத்தில் அவளுக்கு இருந்த அதே அசதி. நான் பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“தெரியும் சார். பென்சில் ராத்திரியே சொல்லிட்டான்.”

“அட்டையைக் கொஞ்சம் பெரிசாக்க முடியாதாம்மா?”

“பையில போகாது. மடிச்சு வைப்பாங்க. மடிப்பு சரியா கிண்ணத்து நடுவுலதான் விழும்.”

“பின்பக்கம்?” என்றாள் மகள்.

“பணியாளர் படிக்க வேண்டியது பூரா அங்கதாம்மா இருக்கு. உங்க அம்மா எழுதினதுல ஒரு வரியைக்கூட எடுக்க எனக்கு மனசு வரல.”

“அப்ப இந்த லோகோவை எல்லாம் எடுங்க. ஏழு இருக்கு. ஒவ்வொண்ணும் எங்கம்மா போட்டோவை விடப் பெரிசா இருக்கு.”

ஒருங்கிணைப்பாளர் சிரித்தார், சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பு இல்லை. “உங்கம்மாவும் இதையேதான் கேப்பாங்க. ‘பிள்ளைங்க வளருதோ இல்லையோ, லோகோ நல்லா வளருது’ன்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு லோகோவுக்கும் ஒரு ஒப்பந்தம்மா. அதுல இத்தனை அளவுக்குக் குறையக் கூடாதுன்னு எழுதியிருக்கு. ஒண்ணைத் தொட்டா ஏழு பேர்கிட்டயும் திரும்பச் சம்மதம் வாங்கணும். பயிற்சி அடுத்த வாரம். அட்டை இல்லாம பயிற்சி நடந்தா, அட்டை அப்புறம் குடோன்லதான் கிடக்கும். நான் பார்த்திருக்கேன்.”

“கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதையா, கிண்ணம் மட்டும் தேயலாம். லோகோ தேயக் கூடாது.”

“ஆமாம்மா. அதுதான் நெலமை.”

மகள் கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அப்ப ‘உண்மை அளவு’ன்னு எழுதியிருக்கிற வரியை மட்டும் எடுத்துடலாமே. வெறும் படமா இருக்கட்டும். பொய் சொன்ன மாதிரியும் ஆகாது. அம்மா பேரும் இருக்கும்.”

அறையில் இருந்த எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பென்சில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒருங்கிணைப்பாளர் பேனாவைத் திறந்து அந்த வரியின் மேல் கொண்டுபோனார். கொண்டுபோன கையை அங்கேயே நிறுத்திவிட்டார்.

“கடைசி நாள் படம் காட்டப் போனப்ப என்ன நடந்துச்சுன்னு வண்டிக்காரர் உங்ககிட்ட சொன்னாரா சார்?” என்று என்னைக் கேட்டார்.

சொல்லியிருந்தார். சடங்கெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் கடைக்கு வந்து, உட்காராமலே சொன்னார். அன்று அவள் அட்டையைத் தாய்மார்கள் நடுவில் தரையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சுவரோரம் போய் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சோதிப்பது அப்படித்தான். விளக்கிச் சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள் என்பாள். ஒரு பெண் வட்டத்தைப் பார்த்தாள், எழுந்து வீட்டுக்குப் போனாள், கிண்ணத்தோடு திரும்பி வந்து அதன்மேல் வைத்தாள். அப்புறம் ஆளாளுக்கு ஓடினார்களாம். “உன் கிண்ணம் உன் மாமியார் மனசு மாதிரி இருக்குடி, சின்னதா” என்று ஒருத்தி சொல்ல, ஒரே சிரிப்பாம். அக்காவும் சிரித்தார்கள் சார் என்றார் அவர். யாரும் கீழே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

“வரியை எடுத்தாலும் வைப்பாங்க” என்றேன்.

“வைப்பாங்க” என்றார் ஒருங்கிணைப்பாளர். பேனாவை மூடி வைத்தார். “பட்டையை எடுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். அதைச் சொல்ற தைரியம் எனக்கு இல்ல. நான்தான் அதைப் போடச் சொன்னேன். நீங்க எது சொன்னாலும் செய்யறேன்.”

புகைப்படத்தில் அவள் சிரிக்கவில்லை. அடையாள அட்டைக்காக எடுத்தது. யாரோ சீக்கிரம் சீக்கிரம் என்று அவசரப்படுத்தியிருக்க வேண்டும். அந்தப் பெயரை அச்சில் நான் பார்த்தது எங்கள் திருமணப் பத்திரிகையிலும் இரங்கல் அறிவிப்பிலும்தான். மூன்றாவதாக இது. எனக்கு அது வேண்டும். கடையில், எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் ஆணி அடிக்க வேண்டிய இடம்வரை முதல்நாள் இரவே மனதில் குறித்து வைத்திருந்தேன்.

“பட்டையை எடுத்துடு பென்சில்” என்றேன்.

மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “உங்களுக்கு என்னப்பா? உங்க கடைக்கு உங்க பேரு வச்சிருக்கீங்க. அவங்களுக்கு இந்த ஒண்ணுதான் இருந்துச்சு” என்றாள். அறையை விட்டுப் போய்விட்டாள். பென்சில் அழுதான். நான் கிண்ணத்தைத் துடைத்துப் பையில் வைத்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. இரவு சாப்பாடு எடுத்து வைத்தாள், பேசவில்லை. அந்த வாரக் கடைசியில் விடுப்பு முடிந்து கிளம்பும்போது, “மாத்திரையை மறக்காதீங்க” என்றாள். அவள் கோபத்தை நான் தப்பு என்று நினைக்கவில்லை. என் முடிவையும் தப்பு என்று நினைக்கவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒருவன் கடை நடத்தலாம், கண்ணாடிக்கு அளவெடுக்கலாம், இரவு விளக்கை அணைக்கலாம். அசதி மட்டும் போவதில்லை.

பயிற்சி நடந்தது. அட்டைகள் போய்ச் சேர்ந்தன. ஒருங்கிணைப்பாளர் எனக்கு ஒன்று அனுப்பினார். அடியில் ஏழு சின்னங்கள், மேலே வட்டம், நடுவில் அவள் எழுதிய வரி. பெயர் இல்லை. வழக்கம்போலத்தான்.

ஒரு நாள் கடை மூடும் நேரத்தில் மகள் கூப்பிட்டாள். அவள் ஊரில், வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சுகாதார நிலையச் சுவரில் அந்த அட்டையைப் பார்த்தாளாம்.

“அப்பா, கிண்ணத்தோட விளிம்புல அந்த இடம்… நான் வீசி எறிஞ்சேன்னு அம்மா சொல்லுவாங்களே. அது படத்துலயும் இருக்கு. எனக்குத் தெரியவே தெரியாது. நீங்களும் சொல்லல.”

“நீ கோவமா இருந்த.”

“இப்பவும் கோவமாத்தான் இருக்கேன்.” பிறகு, “அதே எடத்துல வருதான்னு வச்சுப் பாருங்களேன்” என்றாள்.

வீட்டுக்குப் போய், அட்டையை மேசையில் வைத்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து, மெல்லத் திருப்பிக்கொண்டே போனேன். நெளிசலும் நெளிசலும் ஒரே இடத்தில் வந்து நின்றன. கோட்டுக்கு வெளியே கிண்ணம் எங்கும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை.